ராஜா கேட்ட குறை

மலைநகரான தானா ராத்தாவில் ரிங்லெட் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். இளையவள் கையில் மகளின் சரித்திரப் புத்தகம்.

"அந்தக் காலத்துல, புரட்சிக்கு முன்னாடி, பிரான்ஸ் ராஜாவே கேட்டாராம்க்கா, ஊரு ஊரா குறைய எழுதிக் குடுங்கன்னு."

"நம்ம துரையுந்தான் கேக்குறாரு. கணக்கு எழுதுற கிராணிகிட்ட சொன்னா மலாய்ல எழுதிக் குடுப்பாராம்."

"வெயில் நாள்லயும் கொழுந்து ஈரம்னு எடையில கழிக்கிறதே அந்தக் கிராணிதான். அத அவரே எழுதுவாராக்கா?"

"மெதுவா பேசு லா. தோட்டம் குடுத்த லயத்து வீடு போயிடும்."

"பிரான்ஸ்லயும் சில ஊர்ல பிரபுவோட ஆளுதான் எழுதினானாம். உப்புக்குக்கூட ஏழைங்கதான் வரி கட்டினாங்களாம், பிரபுவுக்குக் கிடையாது. அத அவன் எப்படி எழுதுவான்? அதான் நம்ம குறைய என் மகளையே எழுதச் சொன்னேன்."

புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். கீழே அவளுடைய கையெழுத்து ஒன்று மட்டும் இருந்தது.

பஸ் வந்து நின்றது. மூத்தவள் ஏறவில்லை.

"ராஜா படிச்சாரா?"

"தெரியலக்கா. ஜனங்க ரொம்ப நாள் காத்திருக்கலையாம்."

மூத்தவள் வரிசையில் நின்ற எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பேனாவக் குடு. பஸ்ல ஏறினா கை ஆடும்."