காகிதப் பொட்டு இல்லாத பெட்டி

கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற இரண்டங்குல பிரஷ் ஒன்று, பஞ்சு சுற்றிய குச்சிகள் கொஞ்சம், தண்ணீர் கலக்காத ஆல்கஹால், கையில் பிடிக்கிற ப்ளோயர், அவ்வளவுதான். ஊதும்போது உள்ளே இருக்கும் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சும்மா விட்டால் தறிகெட்டுச் சுற்றிக் கெட்டுப்போகும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். கழற்றிய ஸ்க்ரூக்களை வெள்ளைத் தாளில் கழற்றிய வரிசையிலேயே அடுக்க வேண்டும். திறந்த பெட்டியை விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது. என் வாக்குமூலத்தை எழுதுகிறவர் அவசரப்படாமல் எழுதட்டும், எனக்கு இனி வேறு வேலை இல்லை.

என் பெயர் நியேவெஸ் கொந்தார்க்கோ. வயது ஐம்பத்தொன்று. இந்த ஒரூரோ நகரத்தில் பாதி அலுவலகங்களின் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சுரங்கக் கழிவு மேட்டிலிருந்து வருகிற தூசி சாம்பல் நிறம். உப்புச் சமவெளிப் பக்கமிருந்து வருவது வெள்ளை, அது ஈரம் பட்டால் தகட்டை அரித்துவிடும். பெட்டியைத் திறந்தால் அது எந்தத் தெருவில் இருந்தது என்று சொல்லிவிடுவேன். இந்த உயரத்தில் காற்று லேசு, விசிறி ஓடினாலும் சூடு சரியாக இறங்காது. பழைய டிஸ்குகள் இங்கே சீக்கிரம் சாகும். அதனால் சுத்தம் என்பது எங்களுக்கு ஆடம்பரம் இல்லை, இன்ஸ்பெக்டர் அம்மா.

புரோகிராம் போடுவதிலும் எனக்கு ஒரு முறை உண்டு. மற்றவர்கள் ‘அடுத்து, அடுத்து’ என்று அமுக்கிக்கொண்டே போவார்கள். நான் திரையில் வருகிற ஒவ்வொரு வரியையும் படிப்பேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கை தவறிவிட்டது என்று சொல்லும்படி என் வக்கீல் கெஞ்சுகிறார். என் கை தவறியதே இல்லை.

டாக்டர் இரியார்த்தேயின் மருத்துவமனையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். மாடியில் நுரையீரல் நோயாளிகளுக்கு நான்கு கட்டில். பின்கட்டுக் கொட்டகையில் ஆக்சிஜன் சிலிண்டர்கள் இரண்டு வரிசை. ஒரு வரிசை தீரப்போகும்போது நர்ஸ் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் கீழே முற்றம்வரை கேட்கிற மாதிரி கத்தும். நர்ஸ் ஓடிப்போய் அடுத்த வரிசையைத் திறந்துவிடுவாள். அந்தப் பெட்டிக்கு அது ஒன்றுதான் வேலை. அதற்குப் புரோகிராம் போட்டதும் நான், மாதாமாதம் தூசி தட்டியதும் நான்.

என் கணவர் அன்செல்மோ பத்தொன்பது வருடம் வெள்ளீயச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். நுரையீரல் கல்லாகிவிட்டது. நான்கு வருடங்களுக்கு முன் அந்த மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார், அந்த வாரம் மற்ற மூன்று கட்டிலும் காலி. நான் பெட்டியைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே, மூக்கில் குழாயோடு கேலி செய்வார். “பெட்டிய மட்டும் குழந்தை மாதிரி குளிப்பாட்டுற. எனக்குன்னா ஈரத்துணியால ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.” நான் சிரிக்க மாட்டேன். வேலை நேரத்தில் சிரித்தால் ஸ்க்ரூ தொலைந்துபோகும். இப்போது யோசித்தால் ஒரு தடவையாவது சிரித்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

நீங்கள் தாழ்நாட்டுக்காரர், சாந்தா குரூஸிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன். கார்னிவல் செவ்வாய்க்கிழமை நாங்கள் சால்யா செய்வோம். பூமித்தாய்க்கு முதல் சொட்டை ஊற்றிவிட்டு, வீடு, வண்டி, கடை, தையல் மெஷின் என்று நமக்குச் சோறு போடுகிற எல்லாவற்றின் மேலும் பீர் தெளித்து, வண்ணக் காகிதப் பொட்டுகளைத் தூவி, காகிதச் சுருள் சுற்றுவோம். கம்ப்யூட்டரும் சோறு போடுகிறதே, அதையும் விடுவதில்லை. மறுவாரம் முழுக்க எனக்கு முதுகு ஒடிய வேலை இருக்கும். கீபோர்டில் பிசுபிசுப்பு, விசிறியில் காகிதம், எங்கே திறந்தாலும் சிவப்பும் பச்சையுமாகப் பொட்டுகள். நான் மாதாமாதம் தூசி தட்டுகிற பெட்டியிலேயே ஆறு மாதம் கழித்து, ஆகஸ்டில்கூட ஒன்றிரண்டு கிடைக்கும்.

அந்த வருடம் இரியார்த்தே பாட்டிலோடு மாடிக்கு வந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் காகித மாலை, நல்ல குஷி. பீரை அந்தப் பெட்டியின் மேலும் ஊற்றினார். “நியேவெஸம்மா, உங்க புள்ளைக்கும் ஒரு மடக்கு. வருஷம் பூரா கத்தாம இருக்கட்டும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கை நிறையப் பொட்டுகளை எடுத்துத் தூவினார். சாயங்காலம் மூன்றரை மணிக்குச் சிலிண்டர் வரிசை தீர்ந்தபோது அந்தப் பெட்டி கத்தவில்லை. விசிறியில் காகிதச் சுருள் சிக்கி, சூடேறி, தானாக அணைந்துபோயிருந்தது. கீழே முற்றத்தில் பாண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். மாடிக்குப் போனபோது அன்செல்மோவின் உதடு அந்தச் சுரங்கத் தூசியின் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது.

மூன்றாம் நாள் இரியார்த்தே என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார். மேசையில் ஓர் அறிக்கை இருந்தது. மரணத்துக்குக் காரணம் கருவிப் பராமரிப்பில் கவனக்குறைவு என்றும், பராமரிப்பாளர் நியேவெஸ் கொந்தார்க்கோ என்றும் போட்டிருந்தது. பீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“போனவரு போயிட்டாரு. இருக்கறவங்க பொழைக்கணும்ல” என்றார். “நான் கேஸ் எதுவும் போடல. நீங்க வழக்கம்போல வந்து போங்க. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.”

போட்டேன். ஏன் போட்டாய் என்று என் தங்கை இன்றுவரை கேட்கிறாள். கையெழுத்துப் போடாவிட்டால் என்னை அந்தக் கட்டடத்துக்குள் விடமாட்டார்கள், அதனால்தான் போட்டேன். அறிக்கையைப் படித்த நிமிடமே எனக்கு அது தெரிந்துவிட்டது. எனக்கு அவர்மேல் இருந்தது கோபம் இல்லை. எனக்கு வெறுப்பு இருந்தது. காலையில் எழுந்ததும் இருந்தது, அடுப்பை மூட்டும்போதும் இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் அதுதான் எனக்குத் துணை.

மூன்று கார்னிவல் கழிந்தது. மாதாமாதம் போனேன், பெட்டியைத் திறந்தேன், துடைத்தேன், மூடினேன். எனக்கு அவசரம் இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவருடைய ஆள் யாராவது அந்த நான்கு கட்டிலில் ஒன்றில் படுக்க வேண்டும். இந்த ஊரில் நுரையீரல் கெடாத குடும்பம் கிடையாது, காத்திருந்தால் வரும்.

இந்த வருடம் வந்தது. அவருடைய மகன் ஃபப்ரீசியோ, பத்தொன்பது வயது. ஊர்வலத்துக்காக மழையில் ஒத்திகை ஆடி நிமோனியா பிடித்துக்கொண்டான், ஆக்சிஜன் குழாய் இல்லாவிட்டால் மூச்சு திணறும். அந்த ஜன்னலோரக் கட்டிலையே அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். நல்ல பையன். என்னைப் பார்த்தால் போனை நீட்டி, “ஆன்ட்டி, இது ஏன் இப்படி மெதுவா ஓடுது?” என்று கேட்பான். நான் சரிசெய்துகொடுத்தேன். மற்ற கட்டில்களில் சத்துர்னீனா என்கிற ரொட்டிக்காரப் பெண்மணியும், எர்மோஹெனெஸ் என்கிற ரிடையரான ரயில்வேக்காரரும் இருந்தார்கள். ஒரு கட்டில் காலி. அந்த இரண்டு பேர்மேலும் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. நான்கு கட்டிலுக்கும் ஒரே குழாய், அதை நான் வடிவமைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சால்யா முடிந்தது. இரியார்த்தே இந்த வருடமும் பாட்டிலோடு வந்தார். இந்த வருடமும் அந்தப் பெட்டிக்கு ஒரு மடக்கு ஊற்றினார். நான்கு வருடங்களுக்கு முன் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார், கத்தாமல் இருக்கட்டும் என்று. அவருக்கு அது நினைவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒருவேளை நினைவிருந்தால் நான் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேனோ என்னவோ, சொல்லத் தெரியவில்லை.

எல்லோரும் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். டிஸ்க் சத்தம் போடுகிறது, திறக்காமல் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நர்ஸ் எல்வீராவிடம் சொன்னேன். டிஸ்க் உண்மையிலேயே சத்தம் போட்டது, அதில் பொய் இல்லை. “பண்டிகை அன்னைக்குமா? உங்களுக்கு ஓய்வே கிடையாதா?” என்று கேட்டுவிட்டு அவளும் இறங்கினாள். புது டிஸ்கைப் போட்டு, புரோகிராமை முதலிலிருந்து ஏற்றினேன். நடுவில் ஒரு வரி வரும், சாதாரண முறையா சோதனை முறையா என்று. சோதனை முறையில் அது சிலிண்டர் பக்கமே திரும்பாது. தானாகவே எண்களை உண்டாக்கித் திரையில் பச்சையாகக் காட்டிக்கொண்டிருக்கும். வரியை இரண்டு தடவை படித்தேன். சோதனை முறையைத் தேர்ந்தெடுத்தேன்.

பிறகு கீழே போய்ச் சாப்பிட்டேன். ஆட்டிறைச்சியும் பீச் பழமும் போட்ட புச்சேரோ, வருடத்தில் ஒரு நாள்தான் செய்வார்கள். இரியார்த்தே என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தட்டிலிருந்து ஒரு துண்டு கறியை எடுத்து எனக்கு வைத்தார். “பையன் தேறிட்டு வர்றான் நியேவெஸம்மா. அடுத்த வாரம் கூட்டிட்டுப் போயிருவேன்” என்றார். நல்லது என்றேன். நாலு மணி வாக்கில் வரிசை தீரும் என்று எனக்குத் தெரியும், காலையிலேயே கொட்டகையில் பார்த்துவிட்டேன். நாலு மணி ஆனது. நாலரை ஆனது. மாடியில் எந்தச் சத்தமும் இல்லை. பாண்டுக்காரர்கள் இன்னொரு பாட்டு வாசித்தார்கள். நான் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன். ஐந்து மணிக்கு இரியார்த்தே மகனுக்குப் பழம் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

அந்த அலறலை நான் வர்ணிக்கப் போவதில்லை. நான்கு வருடங்களுக்கு முன் நான் அலறவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் சார்ஜென்ட் பாத்சி இந்த ஊர்க்காரர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “மேலெல்லாம் காகிதச் சுருள் சுத்தியிருக்கு, உள்ளே ஒரு பொட்டுகூட இல்லையே? எங்க வீட்டு அரிசி டப்பாவுக்குள்ளேயே கிடக்குது” என்றாராம். ஒரூரோவில் கார்னிவல் புதன்கிழமை காலையில் உள்ளே சுத்தமாக இருந்த ஒரே பெட்டி அதுதான். அதற்கு ஒரே அர்த்தம், சால்யாவுக்குப் பிறகு யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள். சுத்தம் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை, புரோகிராமை மாற்றிவிட்டு மூடியிருந்தாலே போதும். ஆனால் அழுக்குப் பெட்டியில் நான் புரோகிராம் போட்டதில்லை. அதோடு, இன்னொரு தடவை ‘பராமரிப்பில் கவனக்குறைவு’ என்று எவனும் எழுதிவிடக் கூடாது என்று நினைத்தேன். பிரஷ்ஷால் தட்டினேன், ஆல்கஹாலால் துடைத்தேன், ஊதினேன். அந்த நாளில் நான் செய்த வேலையில் குறை கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

இப்போது நீங்கள் இந்தப் படத்தை என் முன்னால் வைக்கிறீர்கள். நான்கு வருடங்களுக்கு முன் நடந்த சால்யாவில் எல்வீரா போனில் எடுத்தது. இரியார்த்தே பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், பின்னால் அந்தப் பெட்டி. பெட்டியின் பக்கத் தகடு கழன்று சுவரில் சாய்ந்திருக்கிறது, பக்கத்தில் வெள்ளைத் தாளில் ஸ்க்ரூக்கள் வரிசையாக இருக்கின்றன. யார் திறந்து வைத்தது என்று கேட்கிறீர்கள்.

அன்று காலையில் நான்தான் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பாதி வேலையில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அன்செல்மோவும், “போயிட்டு வா, பெட்டி எங்கேயும் ஓடிப்போயிடாது” என்றார். ஒரு தட்டுச் சோறு சாப்பிடுகிற நேரம்தான். திரும்பி வந்தபோது இரியார்த்தே பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் பொட்டுகளையும் தூவினார். உள்ளேயும் காகிதம் கிடந்தது, பார்த்தேன். கீழே பாண்டு ஆரம்பித்துவிட்டது. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தகட்டை வைத்து மூடி, நான்கு ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டு இறங்கினேன்.

எழுதிக்கொள்ளுங்கள், திறந்ததும் மூடியதும் நான்தான். ஆனால் பொட்டுகளைத் தூவிய கை அவருடையது. அதை மட்டும் மாற்றாமல் எழுதுங்கள், அம்மா. மூன்று பேர் செத்தது அதற்காகத்தான்.