கிழக்கு ஓரத் தடம்

தீமிதிக்குப் புளியங்கட்டைதான் நல்லது, சார். வேலங்கட்டை சீக்கிரம் பற்றிக்கொண்டு சீக்கிரமே சாம்பலாகிவிடும். புளி நின்று எரியும். புத்தூர் தர்மராஜா கோயில் தெருவில் என் அப்பாவுக்குப் பிறகு தீக்குழி போடுகிறவன் நான். பெயர் செங்கல்வராயன்.

ரேணிகுண்டா தண்டவாளத்தில் நேற்று நீங்கள் எடுத்த உடம்பு ஸ்ரீஹரியுடையது. என் பக்கத்து வீட்டுப் பையன். கடைசியாக அவன் என்னிடம்தான் பேசிக்கொண்டிருந்தான் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். என்ன பேசினோம் என்பதைச் சொல்ல, முதலில் எங்கள் தெருவைச் சொல்ல வேண்டும்.

ரயில் பாதை போடுவதற்கு முன்பே இருந்த தெரு அது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சந்து கிடையாது. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். இந்த வீட்டு உத்திரம் அந்த வீட்டுச் சுவரில் உட்கார்ந்திருக்கும். ராத்திரி நாம் இருமினால் காலையில் பக்கத்து வீட்டிலிருந்து கஷாயம் வரும்.

வருஷத்துக்கு ஒருமுறை கோயிலில் பதினெட்டு நாள் பாரதக் கூத்துத் திருவிழா நடக்கும். கையில் காப்புக் கட்டிக்கொண்டு கவுச்சி தொடாமல் இருந்து, கடைசி நாள் சாயங்காலம் அம்மனுக்குத் தீ மிதிப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு வழக்கம். குழியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தடம் உண்டு. அப்பன் நடந்த தடத்தில்தான் மகன் நடப்பான். ஸ்ரீஹரி வீட்டுத் தடம் கிழக்கு ஓரம். அவன் அப்பா நாகபூஷணம் போன பிறகு அதில் இறங்க அவன் ஒருத்தன்தான் இருந்தான்.

தொண்ணூறாம் வருஷத்துக்குப் பிறகு பிள்ளைகள் வெளியூர் கிளம்ப ஆரம்பித்தார்கள். மெட்ராஸ், பெங்களூர், குவைத். வருஷமெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பாரதத்துக்கு மட்டும் திறக்கும். அந்தப் பதினெட்டு நாளும் தெருவில் குழந்தைகள் ஓடும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தொண்ணூற்றொன்பதில், தீமிதிக்கு மூன்று நாள் இருக்கும்போது, மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த ஸ்ரீஹரி என்னிடம் வந்தான். வீட்டைக் கல்யாண மண்டபம் கட்டுகிறவருக்கு விற்கப் போவதாகச் சொன்னான்.

"இன்னாடா இது, உன் செவுரு எடுத்தா என் கூரை எங்கடா நிக்கும்?"

"நீயும் குடுத்துட்டு எங்கூட வந்துடு மாமா. இங்க இன்னா கீது? கொழந்தய எங்க படிக்க வைக்கிறது?"

அவன் சொன்னதில் தப்பில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. ஆனால் ஒரு சுவர் போனால் அடுத்த வீடு நிற்காது. அடுத்த வீடு போனால் அதற்கு அடுத்தது. நாற்பது வீட்டுத் தெருவை ஒரு பையன் கையெழுத்துப் போட்டுக் கலைத்துவிடுவான். அவனிடம் நான் சண்டை போடவில்லை. சரிடா, தீமிதி முடியட்டும் என்றேன்.

கட்டை அடுக்குவதற்கு முந்தின நாள் மத்தியானம், கிழக்கு ஓரத்தில், பாதி தூரத்தில், முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டினேன். அதில் புளியங்கரியை நிரப்பினேன். மேலே எரிகிற கட்டை கீழே இருக்கிற கரியையும் பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் பச்சை மூங்கிலால் தட்டிச் சமப்படுத்தினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கால் வைத்தால்தான் புதையும். சமப்படுத்துகிறவனும் நான்தான். கால் புண் இரண்டு மாதத்தில் ஆறிவிடும். அம்மன் தடுத்துவிட்டாள் என்று வீட்டை விற்க மாட்டான். இவ்வளவுதான் என் கணக்கு.

தீமிதி அன்று சாயங்காலம் அம்மன் கரகம் நடுவில் இறங்கிப் போனது. அவரவர் தடத்தில் ஒவ்வொரு வீடாக இறங்கினார்கள். ஸ்ரீஹரி மஞ்சள் வேட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னா மாமா, நெருப்பு சூடா கீதா?"

"உனுக்குன்னு ஏசி போட்டு வச்சிக்கிறேன், போடா கம்ப்யூட்டரு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அப்புறம் திரும்பி, பெண்சாதி தரணியிடமிருந்து மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். சிந்துவுக்கு மூன்று வயது.

"தரணி வேண்டிக்கினா மாமா. பாப்பாவையும் தூக்கிக்கினு எறங்குறேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பிறகு அந்தத் தெருவில் யார் குழியை நம்பி இறங்குவார்கள்? அதனால் அந்த நேரத்துக்கு உதவியாக இருக்கக்கூடியதைச் சொன்னேன். "கெட்டியா புடிச்சிக்கோ" என்றேன்.

கெட்டியாகத்தான் பிடித்திருந்தான். விழுந்தபோதும் விடவில்லை.

முதலில் ஓடிப்போய்த் தூக்கியவன் நான். என் கைகளில் இருக்கிற இந்தத் தழும்பு அன்றைக்குப் பட்டது. குழந்தை வேலூர் போகிற வழியிலேயே போய்விட்டது. இவனைப் பிழைக்க வைத்துவிட்டார்கள்.

அம்மன் கோபம் என்று ஊரே பேசியது. வீட்டை விற்க நினைத்தான், கேட்டுவிட்டாள் என்றார்கள். அந்த வருஷம் யாரும் விற்கவில்லை. ஆனால் அடுத்த பாரதத்துக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வர பயம். அதற்கடுத்த வருஷம் தீமிதியே நடக்கவில்லை. இன்றைக்கு எங்கள் தெருவில் விளக்கு எரிகிற வீடு மூன்று. சுவர்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன, சார். இருமினால் கேட்பதற்குத்தான் அந்தப் பக்கம் ஆள் இல்லை.

தரணி சத்தியவேட்டில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவனோடு பேசுவதில்லை. அவன் முந்தாநாள் தனியாக வந்தான். காலை இழுத்து இழுத்து நடந்து வந்து என் வாசற்படியில் உட்கார்ந்தான். அப்புறம் கேட்டான்.

"மாமா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காத. அந்த வருசம் காப்பு கட்டிக்கினு கீறப்ப, நடுவுல ஒரு நாள் மெட்ராஸ் போனேன்ல, ஆபீஸ்ல ஒருத்தன் பொறந்த நாளுன்னு கேக்கு குடுத்தான். துன்னுட்டேன். முட்ட போட்டதுன்னு அப்பறந்தான் தெரிஞ்சிது. யாருக்கும் சொல்லல. அதனாலதானா மாமா என் கொழந்த போச்சி?"

காரணம் தெரியாமல் மூன்று வருஷமாகத் தூங்காத பையன். அவனுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

"ஆமாண்டா" என்றேன். "அதனாலதான்."

அவன் முகம் தெளிந்துவிட்டது. என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். போய்ட்டு வரேன் மாமா என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்து போனான்.

பள்ளம் வெட்டியது நான்தான். அதற்கு என்ன உண்டோ எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, அந்தப் பையனுக்குக் கடைசியில் நிம்மதி கொடுத்து அனுப்பியவனும் நான்தான் என்பதை ஒரு வரி எழுதிவிடுங்கள், சார்.