தோணி ஏறிய மோட்டார்

“போன தடவைக்கு இந்த மோட்டார் பெருத்துட்டே வே.”

புன்னக்காயலுக்குச் சற்று மேற்கே, தாமிரவருணித் துறையில், தோணிக்காரர் சவரி சொன்னது, அக்கரை போகக் காத்திருந்த என் காதில் விழுந்தது. சேர்த்துக் கட்டிய இரண்டு தோணிகளின் மேல் மோட்டார் காரின் முன்சக்கரங்கள்தான் ஏறியிருந்தன. அதற்குள் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே நாலு விரல்தான் மிச்சம்.

டிரைவர் தயங்கிச் சொன்னார். “அது வேற வண்டி அண்ணாச்சி. நாலு சிலிண்டரு, மேல வெறும் துணிக்கூரை. இது ஆறு சிலிண்டரு. முதலாளியம்மாவுக்கு வெயில் ஆகாதுன்னு தேக்குலயும் கண்ணாடியிலயும் கூடு வேற.”

“முன்னாலயே சொல்லப்பிடாதா? தோணி முங்குனா நாங்க நண்டு பிடிக்கத்தான் போகணும்,” என்றான் சவரியின் மைத்துனன் மிக்கேல்.

“கூட்டைக் கழத்தலாம். போல்ட்டுதான்.”

கழற்றினார்கள். உப்பு வண்டிக்காரர்கள் எட்டுப் பேர் அந்தக் கண்ணாடி அறையைச் சப்பரம்போல் தூக்கி மணலில் வைத்தார்கள். எஞ்சியது நாலு சக்கரம், இரும்புச் சட்டம், முன்னால் எஞ்சின்.

“எஞ்சினையும் கழத்திருவோமா அத்தான்?”

“அது இருந்தாத்தாம்லே மோட்டாரு. பைய நடுவுக்குத் தள்ளு.”

தோணி தாங்கியது. அக்கரையில் டிரைவர் உப்புச்சாக்கை மடித்துப் போட்டு உட்கார, அந்த வெற்று இரும்பு கொக்குகளை எழுப்பிக்கொண்டு மேடேறி ஓடியது. சவரி சிலுவை போட்டுக்கொண்டதை இக்கரையிலிருந்தே பார்த்தேன்.

திரும்பி வந்த மிக்கேல் மணலில் மின்னிய கூட்டை நெடுநேரம் பார்த்தான்.

“அங்கன ஓடுததுதான் மோட்டாருன்னா, இது என்ன அத்தான்?”

“பொண்ணு முன்னால போயிட்டாள்லே. இது பின்னால போற சீரு. பைய ஏத்து.”