ஈயக் கட்டி

எனக்குக் குளிர் அவ்வளவாகப் பிடிக்காது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வீட்டில் அக்டோபர் பிறந்ததும் முதலில் ஹீட்டரைப் போடுகிறவன் நான்தான். மான்தோல் சட்டையும் நீளத் துப்பாக்கியுமாக ஒவ்வொரு குளிர்காலமும் மலையேறுகிறவன் குளிரை ரசிப்பான் என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். நாங்கள் அதற்காகப் போவதில்லை.

பிறகு எதற்காக என்று கேட்டீர்கள். அங்கிருந்து தொடங்கினால்தான், மார்வா உங்களிடம் கொடுத்த, அவள் கணவனின் தோள்பைக்குள் ஈயக் கட்டி எப்படி வந்தது என்பது விளங்கும்.

எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு சட்டம். 1840-க்குப் பிறகு வந்த எந்தப் பொருளும் முகாமுக்குள் வரக் கூடாது. ஓடையில் அணை கட்டும் பீவர் விலங்கின் தோலை வாங்க வியாபாரிகள் வயோமிங் மலைகளுக்கு வந்த கடைசிக் கோடை அது. அதோடு மலையில் பீவர் பிடித்த வேட்டைக்காரர்களின் வாழ்க்கை முடிந்துபோனது. அதை முடியவிடாமல் வைத்திருப்பதுதான் எங்கள் வேலை. வெளியாட்கள் பொழுதுபோக்கு என்பார்கள். மூட்டைகளைச் சோதிப்பது என் பொறுப்பு. ஜிப், பிளாஸ்டிக், தையல் இயந்திரம் ஓடிய விளிம்பு, எதுவும் என் விரலுக்குத் தப்பாது. ஒருமுறை ஒரு பல் மருத்துவரின் உள்ளாடையில் எலாஸ்டிக் இருப்பதைக் கண்டுபிடித்து ஊருக்கே திருப்பி அனுப்பினேன்.

"டேய், அவர் ஜட்டியை யாருடா பாக்கப் போறா?" என்று செம்பன் கேட்டான்.

"அவருக்குத் தெரியுமே," என்றேன்.

"அப்போ என் மனசையும் அவுத்துப் பாப்பியா? அதுல நாப்பதுக்கு அப்புறம் வந்த சரக்கு நெறையக் கெடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உங்கள் விசாரணைக் காகிதத்தில் அவன் பெயர் ஹார்லன் ஓஸ் என்று இருக்கும். சிவந்த தாடியால் வந்த பெயர் செம்பன். தாடி நரைத்த பிறகும் பெயர் நரைக்கவில்லை. எனக்கு ஊமை என்று பெயர் வைத்தவன் அவன்தான். பேசுவதற்கு என்னிடம் எப்போதுமே அதிகம் இருந்ததில்லை. அவனோடு இருக்கும்போது அது ஒரு குறையாகத் தெரிந்ததும் இல்லை. கோடையில் நடக்கும் பெரிய கூட்டத்துக்குக் கூடாரங்களோடு நூறு குடும்பம் வரும். குளிர்காலத்தில் நாங்கள் இருவர் மட்டும் மேலே போவோம்.

ஒரு வருடம் அங்கே எனக்கு மார்பில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. அவன் தன் முதுகை என் முதுகுக்குச் சாய்மானமாகக் கொடுத்து உட்கார்ந்திருந்தான்.

"செத்தா சொல்லிட்டுச் சாவு," என்றான். "தரை கல்லாட்டம் இறுகிக் கெடக்கு. குழி தோண்ட வசந்தம் வரணும். அதுவரைக்கும் நாறாம இரு."

எனக்கும் சாவுக்கும் நடுவே அவனைத் தவிர யாருமில்லை என்று நினைத்துக்கொண்டேன். வாழ்நாளில் நான் பயமில்லாமல் இருந்தது அப்போது மட்டும்தான். ஊரில் இருக்கும்போது நான் தினமும் அந்த இரவை எடுத்துப் பார்த்துக்கொள்வேன், மற்றவர்கள் புகைப்படம் பார்ப்பதுபோல.

சென்ற இலையுதிர்காலத்தில் அவன் தோள்பையின் வார் அறுந்துவிட்டது. தைத்துக் கொடு என்று என் வீட்டில் விட்டுப் போனான். உள்தோலுக்கு அடியில் ஏதோ தடித்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கருவி. மூடியைத் திறந்து பொத்தானை அமுக்கினால் செயற்கைக்கோள் வழியாகச் சேதி போகும், மீட்பு ஹெலிகாப்டர் வரும். பின்புறம் மார்வாவின் கையெழுத்தில் அவர்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணும் வாங்கிய தேதியும் இருந்தன. எனக்குக் காய்ச்சல் வந்த வருடத்துக்கும் முந்தைய தேதி.

அப்படியானால் நான் சாகக் கிடக்கவே இல்லை.

கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. ஒரு வீட்டில் வெகுகாலம் குடியிருந்த பிறகு, அதன் சுவர் நாடகத்துக்கு வைத்த தட்டி என்று தெரிந்தால் கோபமா வரும்? விரலால் தொட்டுப் பார்க்கத் தோன்றும், அவ்வளவுதான்.

துப்பாக்கிக் குண்டு வார்ப்பதற்கு என்னிடம் ஈயம் இருந்தது. அதில் அதே எடைக்கு ஒரு கட்டி வெட்டி உள்ளே வைத்து, மான் நரம்பால் தைத்தேன். நல்ல தையல். கருவியை என் பையில் வைத்துக்கொண்டேன். நான் அதைத் தூக்கி எறியவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கடைசி நாள் நெருப்புக்கு முன்னால் அவனிடம் கொடுத்து, இது இல்லாமலே இருந்துவிட்டாய் பார் என்று சொல்ல நினைத்திருந்தேன். அவன் எப்படிச் சிரிப்பான் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் மலையில், பீவர் கட்டிய அணைக்குப் பக்கத்தில் பொறி வைக்கப் போனபோது அவன் காலடியில் பனிக்கட்டி உடைந்தது. இடுப்புவரை உள்ளே போனான். அடியில் கிடந்த மரங்களுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டது. நான் இழுத்தபோது தொடை எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கரையில் கிடத்தினேன். ஈரத் தோலாடையைக் கழற்றிக் கம்பளி சுற்றினேன். சக்கிமுக்கிக் கல்லில் முதல் தட்டலுக்கே பொறி விழுந்தது. அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் மிகச் சரியாக இருந்தோம்.

அவன் முகம் சாம்பலாகப் போயிருந்தது. ஆனாலும் சிரித்தான்.

"பயப்படாதடா. உங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். திட்டாத. அந்தப் பையை எடு. மார்வா பண்ணின வேலை."

கொடுத்தேன். கத்தியால் தையலைப் பிரித்தான். ஈயக் கட்டி பனியில் விழுந்து புதைந்தது. அது போன துளையை இருவரும் பார்த்தோம்.

"பொல்லாத ஆளுடா நீ," என்றான். "சரி, வெளாட்டு போதும். வெளிய எடு."

"எதை?" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அவன் என் கண்ணைப் பார்த்தான். அப்புறம் நெருப்பைப் பார்த்தான்.

"அந்தக் காய்ச்சல் வந்துச்சே உனக்கு," என்றான். "விடியிற வரைக்கும் அது மேலதான் கைய வெச்சுட்டு உக்காந்திருந்தேன். இன்னொரு தடவ உன் ஒதடு நீலம் பாரிச்சிருந்தா அமுக்கியிருப்பேன். நீ அப்புறம் எங்கூடப் பேச மாட்டேன்னு தெரியும். பேசாட்டிப் போறான், ஊமதானேன்னு நெனச்சேன்."

அதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நான் போய் ஆள் கூட்டிட்டு வரேன்," என்றேன்.

"ரெண்டு நாள் நடைடா அது. அதுவரைக்கும் நான் இருக்க மாட்டேன். உனக்கே தெரியும்."

என் கம்பளியையும் அவன்மேல் போர்த்தினேன். கைக்கு எட்டும் இடத்தில் விறகு அடுக்கி வைத்தேன். தண்ணீரும் காய்ந்த இறைச்சியும் வைத்தேன். பிறகு நடந்தேன்.

அடக்கத்தின்போது மார்வா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீங்க பக்கத்துல இருந்தீங்களே, அது போதும்," என்றாள். நான் மறுக்கவில்லை. அது பொய் இல்லை. எவ்வளவு பக்கத்தில் என்று அவள் கேட்கவில்லை, நீங்கள் கேட்கிறீர்கள்.

அன்று நான் ஓடை வளையும் இடம்வரைதான் போனேன். அங்கே ஒரு பைன் மரத்தடியில் உட்கார்ந்து கருவியை மடியில் வைத்து மூடியைத் திறந்தேன். அமுக்கினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பளபளக்கும் சட்டை போட்டவர்கள் கயிற்றில் இறங்குவார்கள். அவனைத் தூளியில் கட்டித் தூக்குவார்கள். பிறகு திரும்பி என்னைப் பார்ப்பார்கள். வேடம் போட்டுக்கொண்டு பனியில் நிற்கும், ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து மெக்கானிக் ஒருவனைப் பார்ப்பார்கள். அந்த ஒரு பார்வையில் எங்கள் எல்லாக் குளிர்காலங்களும் போய்விடும். அவனுடையதும் சேர்த்துத்தான். அவனுக்காகவும் நான் யோசித்தேன்.

அவன் கூப்பிட்டான். முதலில் விளையாட்டாக.

"ஊம, உன் கம்பளி செத்த ஆடு மாதிரி நாறுதுடா."

கொஞ்சம் கழித்து, "ஊம, நெருப்பு எறங்குது," என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. எங்களுக்குள் பேசாமல் இருப்பது ஒருபோதும் குற்றமாக இருந்ததில்லை. அப்புறம் ஊமை என்ற பெயர் மட்டும் வந்தது. ஒரு குரலுக்கும் அடுத்த குரலுக்கும் நடுவில், பனிக்கட்டிக்கு அடியில் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. இப்போதும் வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் நான் அடுத்த குரலுக்காகக் காத்திருக்கிறேன். அது வருகிறது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியபோது நான் எழுந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். கட்டைவிரல் பொத்தானின்மேல் இருந்தது. இன்னொரு முறை அவன் ஊமை என்று கூப்பிட்டிருந்தால் அமுக்கியிருப்பேன்.

"டெல்பர்ட்," என்றான். நாங்கள் மலைக்குப் போன இத்தனை வருடத்தில் அவன் வாயில் வராத என் சொந்தப் பெயர். நீங்கள் காலையிலிருந்து என்னைக் கூப்பிடுகிறீர்களே, அதேபோல, தெளிவாக, மரியாதையாக.

"டெல்பர்ட், வலிக்குது. தயவுசெஞ்சு அமுக்கு."

நான் மூடியைச் சாத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். அந்தப் பள்ளத்தாக்கில் டெல்பர்ட் என்று ஒரு ஆள் இல்லை.