பயணக் கையெழுத்து

வியாழக்கிழமைகளில் நான் வீட்டில் காலை உணவு சாப்பிடுவதில்லை. கடைவீதியில் இருக்கும் சிற்றுண்டிக் கடைக்குப் போய்விடுவேன். வறுத்த முட்டை இரண்டு, காப்பி, கூடவே ஆர்லோவின் புள்ளிவிவரங்கள். பதினேழு வருஷமாக இதுதான் வழக்கம். இன்று விசாரணையைக் காலை ஒன்பது மணிக்கு வைத்துவிட்டீர்கள், அதனால் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை.

என் பெயர் லோயிஸ் கெம்ப். வயது ஐம்பத்தொன்பது. இண்டியானாவில், சுற்றிலும் சோளக்காடாக இருக்கும் இந்த ஊரில், இந்தச் சின்னக் கல்லூரிக்கு வெளிநாட்டு மாணவர் அலுவலகம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக அந்த அலுவலகம் என்றால் நான்தான்.

ரெசோவைப் பற்றி முதலில் கேள்விப்பட்டதும் அந்தக் கடையில்தான். போன ஜூலை மாதம். ஆர்லோ முப்பது வருஷம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். கூடைப்பந்து விஷயத்தில் அவருக்குத் தெரியாமல் இந்த ஊருக்குள் ஒரு ஆட்டக்காரன் வர முடியாது. பெர்டி முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். அரங்கத்தில் நடுவரைத் திட்டுவதற்கென்றே மூன்றாவது வரிசையில் இடம் வாங்குகிறவள்.

"நம்ம காலேஜுக்குப் புது ஆட்டக்காரன் கையெழுத்துப் போட்டாச்சு, தூரத்துலேர்ந்து பந்து போடுறவன்," என்றார் ஆர்லோ. "ஜார்ஜியாப் பையன்."

"எங்க, அட்லாண்டா பக்கமா?" என்றாள் பெர்டி.

"அது மாநிலம். இது நாடும்மா. ரஷ்யாவுக்குக் கீழ இருக்கு."

"அவ்வளவு தூரம் தாண்டி வந்து நம்மகிட்டயா மாட்டணும்? பாவம்."

கன்சாஸில் ஒரு இரண்டு வருடக் கல்லூரியில் அவன் ஆடிய ஆட்டங்களை ஆர்லோ தன் கைப்பேசியில் காட்டினார். மூன்று தலைகளும் அந்தச் சின்னத் திரைமேல் கவிழ்ந்தன. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான் பார்த்தோம், ஒப்புக்கொள்கிறேன்.

"பந்து கையை விட்டுப் போற வேகத்தைப் பாருங்க. தூரத்துலேர்ந்து போட்டதுல நூத்துக்கு நாற்பத்தொண்ணு விழுந்திருக்கு."

"தடுக்கத் தெரியலையே ஆர்லோ. எதிராளி மணி அடிச்சுக்கிட்டே தாண்டிப் போனாலும் திரும்பிப் பார்க்க மாட்டான் போலிருக்கே."

"முழங்கை கொஞ்சம் வெளியே போகுது," என்றேன் நான்.

"லோயிஸ் கண்ணுக்கு எதுவும் தப்பாது," என்றார் ஆர்லோ. எனக்கு அது பிடித்திருந்தது.

முன்பெல்லாம் ஒரு கல்லூரியில் சேர்ந்த ஆட்டக்காரன் நான்கு வருஷம் அங்கேயே இருப்பான். இப்போது வசந்தம் வந்ததும் பேர் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் வேறு கல்லூரிக்குப் போகலாம். மூன்று வருஷமாக எங்கள் நல்ல பையன்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். நாங்கள் வளர்த்தோம், பெரிய கல்லூரிகள் அள்ளிக்கொண்டு போயின. தேசியப் போட்டிக்கு நாங்கள் கடைசியாகத் தகுதி பெற்று முப்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது. அந்த முப்பத்தொரு வருஷமும் நான் இந்த ஊரை விட்டு எங்கும் போகவில்லை. போக இடமும் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை. அதைச் சொல்லி இரக்கம் தேடவில்லை. கணக்குக்குச் சொல்கிறேன்.

"நல்லா ஆடினா போயிடுவான், மோசமா ஆடினா இருப்பான்," என்றாள் பெர்டி. "இப்ப நாம எதுக்குத்தான் வேண்டிக்கிறது?"

சிரித்தோம்.

ரெசோ நல்ல பையன். இருபத்தோரு வயது. என் அறைக் கதவுக்குள் தலையைக் குனிந்துதான் வருவான். "மிஸ் லோயிஸ்" என்றுதான் கூப்பிடுவான். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு அவனை வீட்டுக்கு அழைத்தேன். வான்கோழியை மரியாதைக்குத் தொட்டுவிட்டு, என் அடுப்பில் அவன் ஊர்ப் பாலாடைக்கட்டி ரொட்டி சுட்டான். அது வெந்ததும் கைப்பேசியில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அந்த அம்மாள் என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"பிள்ளையை உங்ககிட்ட விட்டிருக்கேன்னு சொல்றாங்க, மிஸ் லோயிஸ்."

அதை நான் ஒப்புக்குச் சொன்ன பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் நம்மிடம் ஒன்றை ஒப்படைத்தால் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி இருபத்து நான்கு, திங்கட்கிழமை. காலை எட்டரை மணிக்கு வந்தான். உட்காரவில்லை.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. கணையத்துல ஏதோ கட்டியாம். அக்கா உடனே வரச் சொல்றா. ஒரு வாரம் போயிட்டு வந்துடறேன். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க."

வெளிநாட்டு மாணவன் தன் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டுமென்றால், அவனுடைய சேர்க்கைச் சான்றிதழின் இரண்டாம் பக்கத்தில் கல்லூரி அலுவலர் கையெழுத்து இருக்க வேண்டும். பயணக் கையெழுத்து என்போம். அது இல்லாவிட்டால் விமான நிலையத்தில் சிக்கல் வரும். எங்கள் கல்லூரியில் அதைப் போட இரண்டு பேருக்குத்தான் உரிமை. இன்னொருத்தி பிரசவ விடுப்பில் இருந்தாள். கையெழுத்துப் போட எனக்கு நான்கு நொடி ஆகும்.

"வாஷிங்டன்லேர்ந்து அனுமதி வரணும் ரெசோ," என்றேன். "பத்து வேலை நாள் ஆகும்."

வாஷிங்டனிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. அது உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்து எண்ணித்தான் பத்து என்றேன். எட்டு என்றால் அரையிறுதிக்கு முன்பே முடிந்துவிடும். எங்கள் பிரிவின் இறுதி ஆட்டம் மார்ச் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. அதில் ஜெயித்தால் தேசியப் போட்டி.

"கையெழுத்து இல்லாமலே போயிடறேன்."

"போகலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா திரும்ப உள்ள விட மாட்டாங்க. படிப்பு போச்சு, ஆட்டம் போச்சு. இதுக்கா கண்ணா உங்க அம்மா உன்னை அனுப்பினாங்க?"

அப்போதுதான் உட்கார்ந்தான்.

கோச்சுக்கும் இதில் பங்கு உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. மறுநாளே அவர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பேப்பர் கைக்கு வந்ததும் சொல்லுங்க லோயிஸ், பையன் போய்ப் பார்த்துட்டு வரட்டும், ஆட்டம் எங்க ஓடிப்போகுது" என்றார். நல்ல மனிதர். ஆனால் அவர் இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. வியாழக்கிழமை பெர்டியும் அதையேதான் சொன்னாள்.

"அந்தப் பிள்ளையை அனுப்பித் தொலைங்கப்பா. தோத்தா தோத்துட்டுப் போறோம், நமக்கு என்ன புதுசா?"

ஆர்லோ தலையாட்டினார். இரண்டு பேரும் நாகரிகத்துக்காகச் சொன்னார்கள் என்று நினைத்தேன். யாராவது ஒருத்தர் எல்லோருக்காகவும் சுமக்க வேண்டியிருக்கிறது.

அணி போட்டிக்குக் கிளம்பும்வரை தினமும் எட்டரை மணிக்கு வருவான்.

"வந்துடுச்சா?"

"இன்னும் இல்லப்பா."

கொஞ்ச நேரம் நாற்காலியில் இருந்துவிட்டு எழுந்து போவான். மெலிந்துகொண்டே வந்தான். கோழி ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், நான் கல்நெஞ்சக்காரி இல்லை. ஒருநாள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு, "எந்தப் பக்கம் பார்த்தாலும் ரோடு போகுது, எனக்குத்தான் வெளிய வழி இல்ல" என்றான். புரிகிறது என்றேன். உண்மையாகவே புரிந்தது. இந்த ஊரில் அப்படி ஜன்னல் வழியே பார்த்து நின்றது அவன் மட்டும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அவன் ஆடியதைப் போல முன்பு ஆடியதில்லை. போக இடம் இல்லாதவன் பயிற்சிக் கூடத்துக்குத்தானே போவான். நூற்றுக்கு ஐம்பத்துமூன்று என்றார் ஆர்லோ. "முழங்கை உள்ள வந்துடுச்சு, கவனிச்சியா?" என்று என்னிடம் கேட்டார். கவனித்திருந்தேன்.

மார்ச் ஐந்தாம் தேதி அணி இண்டியானாபொலிஸ் போனது. போட்டி முடியும்வரை பையன்கள் எல்லோருடைய கைப்பேசியையும் ஒரு தலையணை உறையில் வாங்கி வைத்துக்கொள்வது கோச்சின் வழக்கம். ரெசோ மட்டும் தினமும் அக்காவிடம் பேசிக்கொள்ளலாம் என்றாராம். அதற்கு ரெசோ, வீட்டிலிருந்து ஏதாவது வந்தால் மிஸ் லோயிஸ் சொல்லிவிடுவார், மற்றவர்களைப் போலவே என்னுடையதும் உறைக்குள் இருக்கட்டும் என்றானாம். தனக்கென்று சலுகை வாங்கப் பிடிக்காத பையன். அக்காவுக்கும் எங்கள் அலுவலக மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா எகா எழுதியிருந்தாள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறி இருந்தாலும் விஷயம் தெளிவு. மருத்துவர் இரண்டு நாள் என்கிறார். அம்மா அவனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நேரில் வர முடியாவிட்டால் போனிலாவது குரலைக் கேட்கட்டும்.

நான் ஒரு காப்பி போட்டுக் குடித்தேன். அப்புறம் பதில் எழுதினேன். நீங்கள் இப்போது மேசைமேல் வைத்திருக்கும் காகிதம் அதுதான். படிக்க வேண்டாம், எனக்கு மனப்பாடம். "அன்புள்ள எகா, உங்கள் செய்தியை ரெசோவிடம் சொன்னேன். இறுதி ஆட்டம் முடிந்ததும் பேசுவதாகவும் கிளம்பி வருவதாகவும் சொல்கிறான். அணிக்கு இது முக்கியமான நேரம், அம்மா புரிந்துகொள்வார் என்கிறான்."

ஆமாம், நான்தான் எழுதினேன். அவனிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அரையிறுதியில் பந்தைத் தொட்டிருப்பானா? யோசித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை துணைக் கோச்சைக் கூப்பிட்டேன். எகா எழுதியிருக்கிறாள், அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை, ஆட்டத்தைப் படுக்கையிலிருந்தே பார்க்கப் போகிறாள், இதை ரெசோவிடம் சொல்லுங்கள் என்றேன். இருபத்தொன்பது புள்ளி எடுத்தான். தூரத்திலிருந்து போட்ட ஒவ்வொரு பந்தும் விழுந்த பிறகு விரல்களை முத்தமிட்டுக் காமிராவைப் பார்த்து நீட்டினான். நான் மூன்றாவது வரிசையில் பெர்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். பெர்டி அழுதாள். ஆர்லோ தன் நோட்டைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். ஜெயித்தவர்கள் வழக்கப்படி பையன்கள் ஏணி போட்டு வளையத்தின் வலையை அறுத்தார்கள். ரெசோ அதில் ஒரு துண்டைக் காதில் செருகிக்கொண்டு சிரிக்கும் படம் மறுநாள் செய்தித்தாளில் வந்தது. அந்தப் படம் எடுத்து இருபது நிமிஷம் கழித்துக் கைப்பேசிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நானே அவன் விடுதிக்குப் போய்ச் சான்றிதழைக் கொடுத்தேன். சொன்னபடி பத்து வேலை நாள். அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் இல்லாமல் தேசியப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே இருபத்தாறு புள்ளியில் தோற்றோம். அதற்காக அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

எட்டாம் நாள் திரும்பி வந்தான். அக்கா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம், சவக்குழி ஓரத்தில் பக்கத்தில் கூட நிற்கவிடவில்லையாம். "நான் என்ன பண்ணினேன் மிஸ் லோயிஸ்?" என்று கேட்டான். துக்கத்தில் ஜனங்கள் அப்படித்தான், காலம் ஆறவைக்கும் என்றேன். ஏப்ரல் வந்தது. நான்கு பெரிய கல்லூரிகள் அவனைக் கூப்பிட்டன. அவன் பேர் கொடுக்கவில்லை. எங்கே போனால் என்ன என்று ஆர்லோவிடம் சொன்னானாம். நான்கு வருஷத்தில் முதல்முறையாக ஒரு நல்ல ஆட்டக்காரன் எங்களோடு தங்கினான்.

போன மாதம் எகா என் பதிலை அச்செடுத்து அந்தக் காகிதத்தை அவனுக்குத் தபாலில் அனுப்பினாள். அடியில் ஒரே வரி: "உன் வார்த்தைகள், நீயே வைத்துக்கொள்." அதை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தான். கத்தவில்லை. "அம்மாவுக்கு இதைப் படிச்சுக் காட்டினாங்களா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். அது அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன். பெர்டி இப்போது கடையில் வேறு மேசையில் உட்காருகிறாள்.

எகாவிடமிருந்து இன்னொரு கடிதமும் வந்திருக்கிறது, அது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்கிறீர்கள். சனிக்கிழமை, மார்ச் எட்டு, மதியம் பன்னிரண்டு மணிக்குப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை துணைக் கோச்சிடம் பேசும்போது எனக்குத் தெரியும். எகா எழுதியிருந்தது இதுதான்: "நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சரி, ஆடட்டும் என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்புறம் பேசவே இல்லை. இன்று காலை போய்விட்டாள்."

சுவர்ப்பக்கம் திரும்பியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நோயாளிகளுக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும். சொன்ன வார்த்தையைப் பாருங்கள். நான் அந்தப் பையனைப் பிடித்து வைக்கவில்லை. அவனை ஆடச் சொன்னது அவனுடைய அம்மா. அது எழுத்தில் இருக்கிறது.