ஹம்ப்ரி பத்திரமா வச்சிருந்த கோட்டு

சங்கத் தலைவர் பேசிட்டாரு, செயலாளர் பேசிட்டாரு. மார்க்கெட்டுல விடியக்காலையில இருந்து மூட்டை தூக்கின உங்களுக்குக் கண்ணு சொருகுது. முன்வரிசை அண்ணாச்சிக்கு மட்டும் மூக்கு பிரியாணி அண்டா பக்கமே திரும்பியிருக்கு. வரும் அண்ணாச்சி, வரும். அது இறங்குறதுக்குள்ள சின்னதா ஒரு கதை சொல்றேன்... நடந்ததா, இல்லையான்னு யாரும் கேக்கப்படாது.

இங்கிலாந்துல ஒரு ஊரு. முந்நூறு வருசத்துக்குக் கிட்ட ஆச்சுன்னு வச்சுக்கோங்க. நேத்தன்னு ஒரு வண்டிக்காரன், ஆம்புரோஸ்னு ஒரு பீப்பாய் செய்யுறவன். ரெண்டு பேரும் கூட்டாளிங்க. சாயங்காலமானா ஒரே சாராயக் கடை, ஒரே பெஞ்சு. ஒருநாள் ஆம்புரோஸ் சொன்னான், "நேத்தா, உன் குதிரை சிரிச்சா பல்லெல்லாம் மஞ்சளா இருக்குடா."

அவ்வளவுதான். பொண்டாட்டியச் சொல்லியிருந்தாக்கூட சிரிச்சிருப்பான்... குதிரையச் சொல்லிட்டான்ல. "வாடா தெருவுக்கு."

ரெண்டு பேரும் தெருவுக்கு வந்தாங்க. கொஞ்ச நேரத்துல ஒரு குத்து. ஆம்புரோஸ் மல்லாக்க விழுந்தான், பின்மண்டை கல்லுல பட்டுச்சு... எந்திரிக்கல.

மறுநாள் விசாரணை. எங்க தெரியுமா? அதே சாராயக் கடையில. அந்தக் காலத்துல அதுதான் அங்க வழக்கம். உள்ரூம்புல மேசை மேல ஆம்புரோஸ். வெளிரூம்புல விசாரணை அதிகாரி. தீர்ப்புச் சொல்ல ஊர்க்காரங்களையே புடிச்சு பெஞ்சுல உக்கார வச்சிருக்காரு. முடியுற வரைக்கும் யாருக்கும் ஒரு சொட்டு கிடையாதுன்னுட்டாரு. பாவம், எல்லார் கண்ணும் பீப்பாய் மேலயே.

மனசுல வஞ்சம் வச்சு அடிச்சான்னு முடிவானா நேத்தனுக்குத் தூக்கு. போதை வேகத்துல கை ஓங்கினான்னு முடிவானா, கட்டைவிரல்ல சூடு போட்டு அனுப்பிருவாங்க. வாசல் ஓரத்துல அவன் சம்சாரம் நிக்குது. நேத்தனைக் கேட்டா, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க எசமான். நான் அடிச்சுத்தான் செத்தான்னா, நான்தான் கொன்னேன்" அப்படின்னு அழுவுறான். இவனை வச்சுக்கிட்டு எந்த வக்கீல் என்ன பண்ணுவாரு?

சாட்சிங்க வந்தாங்க. ஒருத்தர் சொன்னாரு, "எசமான், அவன் வெறிபுடிச்ச மாதிரி நின்னான். தடுக்கப் பாத்தோம், முடியல." அடுத்தவரும் அதையே சொன்னாரு, "நாங்க எவ்வளவோ தடுத்தோம் எசமான்." எல்லாருமே தடுத்தவங்கதான். அத்தனை பேரு தடுத்தும் ஒரு ஆளு செத்துட்டான் பாருங்க.

கடைசியா வந்தாரு ஹம்ப்ரி. தொப்பிக் கடைக்காரரு. ரொம்ப கௌரவமான மனுசன், நடக்கும்போதே கொஞ்சம் முன்னாடி தொப்பை வரும், பின்னாடி அவரு வருவாரு.

அதிகாரி கேட்டாரு, "நேத்தனோட கோட்டு உங்ககிட்ட இருந்துச்சாமே?"

"இருந்துச்சு எசமான். சண்டைக்கு எறங்குறவன் கோட்டைக் கழட்டிக் கூட இருக்கற பெரியவர்கிட்ட குடுக்கறது எங்க ஊரு மரியாதை."

"அப்ப அடிக்கணும்னு நெனச்சுத்தானே கழட்டினான்?"

ஹம்ப்ரி காதுல அது வேற மாதிரி விழுந்துருச்சு. கோட்டை நான் சுருட்டப் பாத்தேன்னு சந்தேகப்படறாரோன்னு மனுசனுக்கு ரோசம் வந்துருச்சு. நிமிந்து நின்னாரு.

"எசமான், நான் நாணயமானவன். அந்தக் கோட்டைக் கீழகூட வைக்கல. நடுவுல அவனே வந்து கேட்டான், அப்பவும் குடுக்கலியே."

அதிகாரி பேனாவைக் கீழ வச்சாரு.

"நடுவுலயா? என்னன்னு கேட்டான்?"

"'குளுருது ஹம்ப்ரி அண்ணே, கோட்டைக் குடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்'னான்." வெள்ளைக்காரன் அண்ணேன்னா சொல்லுவான்? என் கதையில சொல்லுவான், விடுங்க.

"அப்ப ஆம்புரோஸ்?"

"அவன் படியில உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தான் எசமான். 'போடா, உன் குதிரைக்கு நானே பல்லு வெளக்கி விடறேன்'னான்."

"பிறகு என்னதான் ஆச்சு?"

"அதெப்படி பாதியில விடறது எசமான், ஊரே வட்டம் கட்டி நிக்குது. வேலையப் போட்டுட்டு வந்தவங்க இருக்காங்க. 'முடிச்சுட்டு வாங்கிக்கடா'ன்னேன். இவனை நாலு பேரு தள்ளிவிட்டாங்க, அவனை நாலு பேரு தூக்கி நிறுத்தினாங்க. அப்புறம்தான் அந்தக் குத்து."

சொல்லிட்டு ஹம்ப்ரி கையில கொண்டுவந்திருந்த கோட்டைப் பெருமையா மடிச்சு அதிகாரி மேசை மேல வச்சாரு. "பாத்துக்கோங்க, ஒரு பொத்தான் போகல."

அதிகாரி பெஞ்சு பக்கம் திரும்பினாரு. "தள்ளிவிட்டது யாரு?" தீர்ப்புச் சொல்ல உக்காந்தவங்க அத்தனை பேரும் குனிஞ்சு செருப்பைப் பாக்கறாங்க. அந்த வட்டத்துல நின்னவங்கதானே எல்லாரும்.

வீட்டுக்குப் போகக் கோட்டு கேட்டவன் மனசுல வஞ்சம் ஏது? நேத்தனுக்குத் தூக்கு இல்லன்னு ஆச்சு. விரல்ல சூடு வாங்கிக்கிட்டு சம்சாரத்தோட வீட்டுக்குப் போனான். ஆனா உள்ரூம்புல படுத்திருந்தவன்? அவன் எந்திரிச்சு வரலியே...

இப்ப எதுக்குடா இந்தக் கதைன்னு கேப்பீங்க. போன வாரம் வெங்காய மண்டி முன்னாடி நம்ம ஆளுங்க ரெண்டு பேரு கட்டி உருண்டாங்கல்ல? பேரு சொல்ல மாட்டேன். செல்லையா, நீ தலையைக் குனியாத, நான் உன்னையச் சொல்லல. சுத்தி நின்னவங்களைத்தான் சொல்றேன். ஒருத்தர் செல்போன்ல படம் புடிக்கறாரு, ஒருத்தர் "விடாத மாப்ள"ங்கறாரு. வீட்டுக்குப் போய் என்ன சொன்னீங்க? "எவ்வளவோ தடுத்தோம்."

நல்லா கேட்டுக்கோங்க. எப்பேர்ப்பட்ட போதையிலயும், எப்பேர்ப்பட்ட கோபத்துலயும் ஒரு நிமிசம் மனுசனுக்குப் புத்தி வரும். வீட்டு ஞாபகம் வரும். திரும்பிப் பாப்பான்... போறதுக்கு வழி கேட்டு நம்ம மூஞ்சியத்தான் பாப்பான். அடிச்சவனுக்குப் பேரு உண்டு, கேசு உண்டு. வழியை அடைச்சு நின்னவனுக்கு எந்த ஊர்லயும் கேசு கிடையாது, அதனாலதான் நமக்குக் கூச்சமே இல்லாம போச்சு.

அந்த ஒரு நிமிசத்துல நீங்க செய்ய வேண்டியது பெரிய வேலை ஒண்ணுமில்ல. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. சட்டையை அவன் கையில குடுங்க. "குளுருதுடா, போட்டுக்க, வா போலாம்"னு சொல்லுங்க.