ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ

கஸ்பர்: காரை நிப்பாட்டினாலும் இப்ப இறங்காதையும். மண்டபத்துக்குள்ள போக முதல் இன்னொருக்காச் சொல்லிப் பாக்கிறன்.

யூஜினி: அஜக்ஸில இருந்து 401 ஹைவே முழுக்கச் சொல்லிக்கொண்டுதானே வந்தனீங்கள். எனக்கே பாடமாப் போச்சு.

கஸ்பர்: அப்ப சொல்லும் பாப்பம்.

யூஜினி: “எல்லாம் வல்ல இறைவனுக்கும், நடுவர்மாருக்கும், விழாத் தலைவர் குலசிங்கம் அண்ணைக்கும்...” உங்கட மனுசி நான், ஸ்பொன்சர்மாருக்கும் பிறகு எங்கயோ கடைசியில வாறன்.

கஸ்பர்: அது... முக்கியமான ஆளைக் கடைசியிலதான் சொல்லுறது.

யூஜினி: ஓமோம். கழுத்தில ரை சரிஞ்சு கிடக்கு, இஞ்சால திரும்புங்கோ.

கஸ்பர்: விருதுக்கு என்ர பேரைக் கூப்பிட்ட உடன எழும்பக் கூடாது, என்ன. எனக்கோ எண்டு முதல் பின்னால திரும்பிப் பாக்கிறன். பிறகு நெஞ்சில கையை வைக்கிறன். அதுக்குப் பிறகுதான்...

யூஜினி: நீங்கள் அவ்வளவும் செய்து முடிக்க, ஆள் வரேல்லையாக்கும் எண்டு அடுத்தவருக்குக் குடுத்திடப் போகினம்.

கஸ்பர்: உந்தப் பகிடி வேண்டாம். கோமாவில கிடக்கிற அப்பாவா நடிக்கிறது லேசான வேலையே? நாடகம் முழுக்க நான் கண்ணைத் திறக்கேல்லை.

யூஜினி: ஒருக்காக் குறட்டை விட்டனீங்கள்.

கஸ்பர்: நோயாளி தேறி வாறதுக்கு அறிகுறி எண்டு டைரக்டரே அதை வைச்சுக்கொண்டவர்.

யூஜினி: சரி, சரி... போன வருசம் மாதிரி முகத்தைத் தொங்கப்போட மாட்டீங்கள்தானே?

கஸ்பர்: ஒவ்வொரு வருசமும் சிறந்த நடிகர் பட்டியலில என்ர பேர் வரும். பெரிய திரையில முகத்தைக் காட்டுவினம். பிறகு பக்கத்து மேசைக்காரனுக்கு நான் சிரிச்சுச் சிரிச்சுக் கை தட்டவேணும். இந்த முறையும் பேர் வந்த உடன, போகவும் மாட்டன், இனி நடிக்கவும் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே இருந்தனான். பிறகு குலசிங்கமே போன் எடுத்து...

யூஜினி: “உங்களுக்குத்தான், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ” எண்டவர்.

கஸ்பர்: ஓம். விழா நடத்திற ஆளே சொன்னாப் பிறகு என்ன?

யூஜினி: அங்க... ஆரோ கண்ணாடியைத் தட்டுறார். உங்கட நாடகத்தில டொக்டரா வந்த தம்பியெல்லே?

கஸ்பர்: றொனால்ட். பாவம், அவனும் இதே விருதுக்குத்தான் நிக்கிறான். ஒண்டையும் காட்டிக்கொள்ளாதையும். கண்ணாடியை இறக்கும்.

றொனால்ட்: கஸ்பர் அண்ணை, அக்கா, சுகமே? என்ன காருக்குள்ளயே இருக்கிறியள்?

கஸ்பர்: சும்மாதான்... உனக்குக் கிடைக்கவேணும் எண்டு ஒரு செபம் சொல்லிக்கொண்டு இருந்தனாங்கள்.

றொனால்ட்: என்ர அண்ணை, நீங்கள்தான் அதுக்குப் பொருத்தமான ஆள். கிடைக்காட்டிலும் மனம் விட்டிடாதேங்கோ.

கஸ்பர்: நீயும்தான். உனக்கு இன்னும் வயது கிடக்கு.

யூஜினி: கோட்டு புதுசு போல?

றொனால்ட்: ஓம் அக்கா. ஸ்ரௌவ்வில்லில இருந்து மாமா, மாமி, மனுசியின்ர ஆக்கள் எல்லாரும் வந்திருக்கினம். ரெண்டு மேசை எடுத்திருக்கிறன்.

கஸ்பர்: ரெண்டு மேசையோ? நீ தோக்கிறதைப் பாக்கவோ?

றொனால்ட்: அது வந்து... உங்களுக்கு ஒளிக்கக் கூடாது அண்ணை. குலசிங்கம் அண்ணை எனக்குப் போன் எடுத்தவர். “உனக்குத்தான், ஒருத்தருக்கும்...”

கஸ்பர்: “...சொல்லாதை.”

றொனால்ட்: உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

யூஜினி: தம்பி, இந்த விருதுக்கு நிக்கிற மற்ற ரெண்டு பேரும் வந்திட்டினமோ?

றொனால்ட்: ஓம் அக்கா, வாசல்ல நிக்கினம். பேனாட் அண்ணை வீடியோக்காரனையும் கையோட கூட்டிக்கொண்டு வந்திட்டார். ஜனார்த்தன்ர அம்மா தன்ர கூறைச் சீலையைக் கட்டிக்கொண்டு... பொறுங்கோ. அவையளுக்குமோ?

யூஜினி: போன வருசம் அரைவாசி மண்டபம் சும்மா கிடந்ததெல்லே.

றொனால்ட்: என்ர கடவுளே... மாமாவின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது? நிண்டு கொள்ளுங்கோ, குலசிங்கம் அண்ணையைப் பிடிச்சுக் கேட்டிட்டு வாறன்.

கஸ்பர்: ஓடுறான் பாரும். கோட்டில விலைத் துண்டு தொங்குது. நாளைக்கே கடையில திருப்பிக் குடுத்திடுவான்.

யூஜினி: இஞ்சேருங்கோ... ஒண்டு சொல்லவேணும். கோவிக்கக் கூடாது.

கஸ்பர்: சொல்லும்.

யூஜினி: எல்லாம் என்ர பிழை. நீங்கள் அடுத்த நாடகத்தின்ர ஒத்திகைக்கும் போகேல்லை. வேலையால வந்தா சோபாவில அப்பிடியே கிடந்தீங்கள். நாடகத்திலயும் அப்பிடித்தான் கிடந்தனீங்கள், எண்டாலும் இது வேற. எனக்குப் பயம் வந்திட்டுது. நான்தான் குலசிங்கத்தாரிட்டக் கெஞ்சினனான். “இவருக்குத்தான் எண்டு ஒரு பொய்யைச் சொல்லுங்கோ, வந்து நாலு சனத்தைக் கண்டா மனம் மாறும்” எண்டு. அந்த மனிசன் அதையே பிடிச்சுக்கொண்டு எல்லாருக்கும்...

கஸ்பர்: தெரியும்.

யூஜினி: என்ன தெரியும்?

கஸ்பர்: நீர் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்டு போனில கெஞ்சேக்க, நான் கீழ பேஸ்மென்ற் படியில நிண்டனான்.

யூஜினி: அப்ப... உந்தப் பேச்சு? நெஞ்சில கை வைச்சது? வீடு முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு திரிஞ்சது?

கஸ்பர்: நீர் எனக்காக அவ்வளவு இறங்கிப் போய்க் கேட்டிருக்கிறீர். சந்தோசப்படாம இருக்கேலுமே? இந்த வருசம் கண்ணைத் திறந்துகொண்டு நடிச்சது இது ஒண்டுதான் யூஜினி... உண்மையைச் சொல்லும், நல்லா இருந்ததோ?